ஆணி அடிக்காத வீடு

"உங்க அக்கா குப்பைத் தொட்டியைக் கிளறிட்டு இருக்காளாமே, நிஜமாவா?"

சித்தி போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். சாப்பிட்டியா, அங்கே குளிர் எப்படி, ஒன்றும் இல்லை. நேராகக் குப்பைத் தொட்டி.

சித்திக்கு இதைச் சொன்னது அவளுடைய தையல்காரி. தையல்காரிக்குச் சொன்னது, அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் துணி தைக்கக் கொடுக்கிற யாரோ. ஒவ்வொரு வாயும் கண், காது, மூக்கு வைத்து அனுப்பியதில் செய்தி என்னிடம் வந்து சேரும்போது நன்றாக வளர்ந்திருந்தது. முதல் வாயில் அக்கா உடைந்த வாளி ஒன்றை எடுத்து வந்தாள். இரண்டாவது வாயில் தெருத்தெருவாகப் போய் எடுத்தாள். சித்தியின் வாயில் வீட்டுக்குள் நடக்கவே இடமில்லை, எலி பெருகிவிட்டது, மாமா பால்கனியில் படுக்கிறார், வீட்டுக்காரம்மா காலி பண்ணச் சொல்லப் போகிறார்.

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு இந்த மாதிரி ஒரு போன் போதும். அங்கே அக்கா எழுந்திருப்பாளா என்று விரல் விட்டு மணிக் கணக்குப் பார்த்து, அது சரிதானா என்று இன்னொரு தடவை பார்த்து, கூப்பிட்டேன்.

"எலியா?" அக்கா சிரித்தாள். "எலி வந்தா அதுக்கும் நடக்க இடம் வேணாமா?"

"விளையாடாதக்கா. மாமா பால்கனியில படுக்கிறாராமே?"

"ஒரு நாள் படுத்தாரு. கரண்ட் இல்ல, காத்து வாங்கினாரு."

"குப்பைத் தொட்டி?"

"தொட்டியை நான் கிளறலடி. தொட்டி பக்கத்துல இருந்துச்சு, எடுத்தேன். உள்ள இருக்கறது வேற, பக்கத்துல இருக்கறது வேற. பக்கத்துல வைக்கிறவங்க, யாராவது எடுத்துக்கட்டும்னுதான் வைக்கிறாங்க."

"வீட்டைக் காலி பண்ணச் சொல்றாங்களா?"

அந்தப் பக்கம் அவள் ஏதோ ஒரு தகரத்தைச் சுரண்டுவது கேட்டது.

"அது மட்டும் கொஞ்சம் உண்மை" என்றாள்.

அக்காவைத் தெரியாதவர்களுக்கு இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்து, இந்த ஃபிரேம் வேண்டாம், இது போட்டால் கணக்கு வாத்தியார் மாதிரி இருப்பீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்கிற வேலை. ஆனாலும் அவளைத் தேடித்தான் வருகிறார்கள். கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, சின்ன ஸ்க்ரூ டிரைவரும் மூக்குக் குறடும் எப்போதும் இருக்கும். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் கண்ணாடி கோணலாக இருந்தால் அக்காவுக்குக் கை பரபரக்கும். இரண்டு முறை கேட்காமலேயே கழற்றிச் சரிபண்ணிக் கொடுத்திருக்கிறாள். ஒருவர் நன்றி சொன்னார். இன்னொருவர் சீட் மாறி உட்கார்ந்தார்.

மாமா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். கற்றுக்கொள்கிறவர்கள் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க, பக்கத்து சீட்டில் இருக்கும் இன்னொரு பிரேக்கில் கால் வைத்தபடியே பாதி ஆயுளைக் கழித்தவர். அதனால் வீட்டிலும் யாராவது வேகமாகப் பேசினால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும். அக்கா பேசும்போது அந்தக் கால் எழும்புவதே இல்லை.

இவர்கள் கல்யாணம் ஆகி முதலில் குடிபோன வீட்டின் சொந்தக்காரர் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க." வாடகை வீட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த வாக்கியம் மனப்பாடம். கல்யாணத்துக்கு வந்த அன்பளிப்பில் பாதி சுவர்க் கடிகாரம். எல்லாம் மல்லாக்கப் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு மணி காட்டிக்கொண்டிருந்தன. அக்கா இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் மாமாவின் பெல்ட்டை எடுத்து, ஒரு கடிகாரத்தைச் சுற்றி இறுக்கி, பக்கிளைத் திரைச்சீலைக் கம்பியில் மாட்டிவிட்டாள். அன்றைக்கு மாமா பேன்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டே வேலைக்குப் போனார் என்பது அக்கா சொல்லும் கதை. அது பழைய பெல்ட் என்பது மாமா சொல்லும் கதை. கடிகாரம் இன்னமும் ஓடுகிறது.

அங்கிருந்து ஆரம்பித்தது. மாமாவின் பயிற்சிப் பள்ளி கிளை கிளையாக அவரை மாற்றிக்கொண்டே இருக்க, இவர்களும் வீடு வீடாக மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் லாரியிலிருந்து இறக்கும்போது ஏதாவது உடையும். மற்றவர்கள் உடைந்ததைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவார்கள். அக்கா உடைந்ததை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிடி போன வடிகட்டி விளக்குக் கூடாகியது. சாயங்காலம் அதைப் போட்டால் கூரை முழுக்கப் புள்ளிப் புள்ளியாக வெளிச்சம். கீறல் விழுந்த மிக்ஸி ஜார் பூச்சாடி. ஃபியூஸ் போன குண்டு பல்புகளின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு கொடித் தண்டு விட்டு ஜன்னல் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டிருக்கிறாள். மாமாவின் கிழிந்த ஜீன்ஸ் பைகளைச் சேர்த்துத் தைத்து அலமாரிக் கதவின் பின்னால் மாட்டியதில் கத்தரிக்கோல், டார்ச், மின்சார பில் எல்லாம் குடியிருக்கின்றன. மகள் கல்லூரி விடுதிக்குப் போன அன்று அக்கா அழுத அழுகைக்கு அளவில்லை. ஆனால் அந்த வாரக் கடைசியிலேயே மகளின் பழைய கலர் பென்சில்களை அறுத்து ஒட்டிக் கண்ணாடிக்குச் சட்டம் போட்டுவிட்டாள்.

எல்லாம் தொங்கும், சாயும், நிற்கும், கதவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒன்றுக்கும் ஆணி கிடையாது. அத்தனை வீடு மாறியும் அவள் எந்தச் சுவரிலும் ஒரு ஓட்டை போட்டதில்லை.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் மறைக்கமாட்டாள். தங்கப் பெயின்ட் அடிப்பது, ஜிகினா தூவுவது, பழையதைப் புதிதாகக் காட்டுவது எல்லாம் அவளுக்கு ஆகாது. "வடிகட்டி விளக்கானாலும், அது வடிகட்டின்னு பாக்கறவங்களுக்குத் தெரியணும்டி. வேஷம் போட்டுவிட்டா அதுக்கே கூச்சமா இருக்கும்" என்பாள். நான் இருக்கிற ஊரில் இதற்கெல்லாம் நாகரிகமாக ஒரு பெயர் வைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி விற்கிறார்கள். அந்தப் பெயரை ஒருமுறை அக்காவுக்குச் சொன்னேன். "பேரு நல்லாத்தான் இருக்கு. என்ன, கூப்பிட்டா திரும்பிப் பாக்காது" என்றாள்.

இப்போது இருக்கிற வீட்டில்தான் அவர்கள் அதிக காலம் நிலைத்தது. பின்னால் கண்ணாடி அடைத்த ஒரு பால்கனி. மத்தியானத்துக்கு மேல் வெயில் நேராக உள்ளே வரும். அக்காவின் பட்டறை அதுதான். புது ஃபிரேம்களோடு வரும் டம்மி லென்ஸ்களைக் கழற்றிவிட்டுத்தான் உண்மையான லென்ஸ் போடுவார்களாம். கழற்றியதைக் கடையில் கூட்டித் தள்ளுவார்கள். அக்கா அவற்றைச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு எடுத்து வருவாள். ஊசியைச் சூடு பண்ணி ஓரத்தில் துளையிட்டு, தூண்டில் நரம்பில் கோத்து, பால்கனி வாசலுக்கு ஒரு திரை செய்தாள். பல மாத வேலை. வெயில் அதன் மேல் பட்டால் ஹால் முழுக்க வெளிச்ச வட்டங்கள் நீந்தும். மாமா பேப்பர் படிக்கும்போது மூக்கின் மேல் ஒரு வட்டம் வந்து உட்காரும். கையால் தள்ளிவிடுவார். அது போகாது.

அந்தத் திரை அந்த வாசலுக்கு அளந்து செய்தது. அந்த வெயிலுக்கும்தான். அதனால்தான் வீடு போய்விடுமோ என்றதும் அக்காவின் குரல் இறங்கியது.

"ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. வீட்டுக்காரம்மாவோட அக்கா பையன் இந்தப் பக்கம் மாத்தலாகி வர்றானாம். அவனுக்கு வீடு வேணும்போல. அதோட இந்தக் குப்பைக் கதையும் அவங்க காதுக்குப் போயிருச்சு. புதன்கிழமை வந்து வீட்டைப் பாக்கறேன், அப்புறம் சொல்றேன்னு சொல்லிருக்காங்க."

"எல்லாத்தையும் எடுத்து உள்ள வையக்கா. ஒண்ணு விடாம. சாதாரண வீடு மாதிரி இருக்கணும்."

பக்கத்திலிருந்து மாமாவின் குரல் கேட்டது: "நானும் அதைத்தாம்மா காலையிலேர்ந்து சொல்றேன். நான் சொன்னா பிரேக் சத்தம் மாதிரி இருக்கு அவளுக்கு."

சரி, ஒளித்து வைத்தார்கள். அரை நாள்தான் தாங்கியது. அந்த வீட்டில் ஒளிக்க வேண்டியதும் தினமும் புழங்குவதும் ஒன்றே. விளக்கை ஒளித்தால் இருட்டு. கடிகாரத்தை ஒளித்ததில் மாமா வகுப்புக்குத் தாமதம். சாவி மாட்டும் சட்டத்தை எடுத்ததில் சாவியைக் காணோம். லென்ஸ் திரையைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஹால், பாங்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்காருகிற இடம் மாதிரி இருந்ததாம். செவ்வாய்க்கிழமை ராத்திரிக்குள் எல்லாம் பழைய இடத்துக்கே வந்துவிட்டன.

சுத்தம் பண்ணியது வாசல் நாற்காலியை மட்டும்தான்.

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு கால் கொஞ்சம் குட்டை. உட்கார்ந்தால் ஆளைச் சாய்க்கும். அதனால் அக்கா அதைக் கதவுக்கு உள்ளே, செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் போட்டு ஒரு சட்டம் போட்டாள்: அதில் யார் எதை வைத்தாலும் அது அவளுக்கு. வைத்தது யார் என்று கேட்கமாட்டாள். உடைந்த பொருளைக் கையில் கொடுப்பதற்கு மனிதர்களுக்குக் கூச்சம். இதையா கொடுக்கிறாய் என்று நினைத்துவிடுவார்களோ என்று தயங்குவார்கள். நாற்காலி என்றால் வந்த வேலையைப் பார்த்தபடியே வைத்துவிட்டுப் போகலாம். மாடியில் இருக்கும் பாட்டு டீச்சர் மூடி தொலைந்த டப்பாக்களை வைப்பார். தண்ணீர் கேன் போடுகிறவர் ஒருமுறை சைக்கிள் பெல் வைத்தார். கேஸ் புக்கைக் காட்ட வந்த பக்கத்து வீட்டுப் பெண்மணி உடைந்த கொண்டை ஊசிகளை வைத்தார். மாமாவும் தன் கிழிந்த சட்டையை நேராக அக்காவிடம் கொடுக்கமாட்டார். நாற்காலியில் போட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொள்வார்.

புதன்கிழமைக்காக அந்த நாற்காலியைத் துடைத்து, மேலே ஒன்றும் இல்லாமல் வைத்தார்கள். பார்க்க நல்ல குடும்பத்து நாற்காலி மாதிரி இருந்தது.

வீட்டுக்காரம்மா வந்தபோது நான் அங்கே இல்லை. மாமா சொன்னதும் அக்கா சொன்னதும் எங்கே ஒத்துப்போகிறதோ அதை மட்டும் எழுதுகிறேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. மாமா கதவைத் திறந்தார். "வாங்க வாங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வந்துட்டாங்க!" என்று அடுப்படிக்கு ஓடினார். டீக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் வீட்டுக்காரம்மா செருப்பை விட்டுவிட்டு ஹால் நடுவில் நின்றிருந்தார். வாடகை வீடுகள் பல உள்ளவர். ஆனால் கையில் ஒரு வளையல்கூடக் கிடையாது, புடவை ஓரம் நைந்திருக்கும். எதையும் லேசில் தூக்கிப் போடாத ஆள் என்று பார்த்தாலே தெரியும்.

நேராகச் சுவர் பக்கம் போய், உள்ளங்கையால் தடவிக்கொண்டே நடந்தார். ஹால், படுக்கையறை, குளியலறை, மறுபடி ஹால். ஆணி ஓட்டை தேடுகிறார் என்பது மாமாவுக்குப் புரிந்தது. பால்கனி வாசலில் கை நின்றது.

"இதெல்லாம் எதுல தொங்குது?"

"கம்பியிலதாங்க. திரைக் கம்பியில. சுவத்தைத் தொடல" என்றாள் அக்கா.

"குளியலறையில பூ வச்சிருக்கியே, அந்த ஷவர்… நான் எங்கயோ பாத்த மாதிரி இருக்கே."

"உங்க ஷவர்தாங்க. போன வருஷம் பிளம்பர் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரு. நான் எடுத்து வச்சேன்."

மாமாவின் கால் தரையை ஓங்கி அழுத்தியது. வீட்டுக்காரம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். "காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. மரத்துப் போச்சு."

வீட்டுக்காரம்மா டீ குடித்தார். டம்ளர் உடையாமல் இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தாரா, இல்லை டீத்தூள் அடியில் இருக்கிறதா என்று பார்த்தாரா என்பதில் அக்காவும் மாமாவும் இன்னமும் ஒத்துப்போகவில்லை. கிளம்பும்போது, "எங்க அக்கா பையன் கேக்கறான். நான் யோசிக்கணும். சனிக்கிழமை போன் பண்றேன்" என்றார். மழை விட்டிருந்தது. வெயில் அடித்தது. செருப்பைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

"சிரிச்சாங்களா?" என்று நான் கேட்டேன்.

"சிரிக்கல."

"திட்டினாங்களா?"

"திட்டவும் இல்ல. அதான்டி பயமா இருக்கு."

இரண்டு மொழியில் படித்ததில் எனக்கு ஒரு நஷ்டம், ஒரு கவலையை இரண்டு மொழியிலும் படலாம். அன்றைக்குப் பட்டேன். பட்டதன் முடிவில் ஒரு யோசனை வந்தது. இப்போது நினைத்தால் அது வராமலே இருந்திருக்கலாம்.

"அக்கா, அவங்க வீட்டு பால்கனிக்கு ஏதாவது பண்ணிக் கொடேன். நீ பண்றது குப்பை இல்லைன்னு அவங்களுக்குக் கையில வச்சுப் பாத்தாதான் தெரியும்."

"காக்கா பிடிக்கச் சொல்றியா?"

"இல்லக்கா. மரியாதைக்கு."

"மரியாதைன்னா பழம் வாங்கிட்டுப் போவாங்க."

"உனக்கு எது வருமோ அதைத்தானே கொடுக்க முடியும்?"

அது அவளுக்குப் பிடித்துப்போனது. "காத்துல ஆடற மாதிரி ஒண்ணு பண்ணலாம். லென்ஸ் நிறைய இருக்கு. கூடு மாதிரி ஒரு சட்டம் கிடைச்சா போதும். இரு, நாற்காலியைப் பாத்துட்டு வரேன்."

திரும்பி வந்தவள் கையில் ஒரு குடை.

வீடியோவில் பார்த்தேன். அது குடை என்று சொல்வதே குடைக்கு நாம் தரும் மரியாதை. ஒரு கம்பி முழங்கால் மடக்கியிருந்தது. பிடியின் நுனியில் ரப்பர் இல்லை. கட்டுகிற நாடாவுக்குப் பதில் ஒரு ரப்பர் பேண்ட். துணியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஒட்டு, நீல நூலில் கையால் தைத்தது.

"யாரோடதுக்கா?"

"நாற்காலியில இருந்துச்சு. நாற்காலியில இருந்ததைக் கேக்கக் கூடாது. சாயங்காலம் டீச்சரும் வந்தாங்க, தண்ணி கேன் தம்பியும் வந்தாரு, அவங்கள்ல யாரோ வச்சதா இருக்கும். பாவம், எவ்வளவு நாள் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்காங்க பாரு!"

கவலை வந்தால் சிலர் சாப்பிடுவார்கள், சிலர் தூங்குவார்கள். அக்காவின் கை வேலை செய்யும். அடுத்த நாள் கடையிலிருந்து வந்ததும் பால்கனியில் உட்கார்ந்தாள். நான் போனில் பக்கத்தில் இருந்தேன், அவள் என்னை ஒரு பவுடர் டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். துணியைக் கம்பி நுனிகளிலிருந்து ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தாள், இழுத்துக் கிழிக்கவில்லை. மடங்கிய கம்பியை மூக்குக் குறடால் நிமிர்த்தினாள். விரித்துத் தொங்கவிட்டால் வெறும் கம்பிகள், எட்டுக்கால் பூச்சி மாதிரி இருந்தது. ஒவ்வொரு கம்பியிலிருந்தும் லென்ஸ் சரங்கள் இறங்கின, நடுவில் நீளம், ஓரத்தில் குட்டை. சரத்துக்கு நடுவே மகளுடைய பழைய கொலுசு மணிகளை ஒன்றிரண்டு கோத்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். சத்தம் அதிகமில்லை, டம்ளரில் ஸ்பூன் மெல்லப் படுவது மாதிரி.

குடைத் துணியிலிருந்து இலை இலையாக வெட்டி மேலே சுற்றினாள். ஒட்டுப் போட்ட இடம் வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள்.

"இங்க பாருடி இந்தத் தையலை. ஒவ்வொண்ணும் அரிசி மணி மாதிரி ஒரே அளவு. இதைத் தைச்சவங்க கை நல்ல கை."

"வெட்டி எறிஞ்சிடுக்கா. பழசாத் தெரியும்."

"பழசாத் தெரியட்டும். அது குடைன்னும் தெரியணும். இதை எல்லாத்துக்கும் நடுவுல வைக்கப் போறேன்."

நடுவில், கொக்கிக்குக் கீழே, யார் பார்த்தாலும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி வைத்தாள். நீலத் தையல் வெளியே தெரிய. பிடியை வளைவோடு அப்படியே விட்டதால் அதுவே கொக்கியாகிவிட்டது. மாட்டுவதற்கு ஆணிகூட வேண்டாம். செய்து முடித்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் செய்ததில் இதுதான் அழகு என்று நான் சொன்னேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாமா அதைக் காரின் பின் சீட்டில் உட்காரவைத்து சீட் பெல்ட் போட்டு, இரண்டு தெரு தள்ளியிருக்கும் வீட்டுக்காரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனார். கற்றுக்கொள்ள வந்த பெண்தான் ஓட்டினார். வழியெல்லாம் மணி ஒலிக்க, இண்டிகேட்டர் சத்தம் என்று நினைத்து அவர் மூன்று தடவை அணைக்கப் பார்த்தாராம். வீட்டுக்காரம்மா பல் டாக்டரிடம் போயிருந்தார். வேலை செய்யும் அம்மா கதவைத் திறந்து, "பால்கனி கம்பியில மாட்டிட்டுப் போங்க, வந்ததும் பாக்கட்டும்" என்றார். மாமா மாட்டினார். காற்று நன்றாக அடித்தது. தெருவில் போன இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து, போனைக் கையில் வைத்துக்கொண்டே அக்காவிடம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அக்காவின் போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மாடி டீச்சர் படியிறங்கி வந்து கதவைத் தட்டினார்.

"என்னம்மா, உங்க போன் பிஸியாவே இருக்காமே? வீட்டுக்காரம்மா எனக்குப் பண்ணாங்க."

"என்ன சொன்னாங்க டீச்சர்?" அக்கா எழுந்துவிட்டாள். "வீட்டைப் பத்தி ஏதாவது…"

"வீட்டைப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதை உங்ககிட்டயே பேசிக்கிறாங்களாம். அவங்க குடையை அன்னைக்கு இங்க வாசல் நாற்காலியில வச்சிட்டு மறந்து போயிட்டாங்களாம். பல் டாக்டர் வீட்டுல இருந்து இப்பத்தான் கிளம்பறாங்க. வீட்டுக்குப் போயிட்டுப் பேசறேன், அதுவரைக்கும் குடையைப் பத்திரமா எடுத்து வைக்கச் சொன்னாங்க."

"எந்தக் குடை டீச்சர்?" என்று மாமா கேட்டார். எந்தக் குடை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டுப் பார்த்தார்.

"நீல நூல்ல ஒட்டுப் போட்டது. அவங்களே தைச்சதாம். எத்தனையோ பேர் புதுசு வாங்கிக் கொடுத்தும் அவங்க அதை விடலையாம்." டீச்சர் நாற்காலியைப் பார்த்தார். "எங்க, இங்க காணோமே?"

"உள்ள… உள்ள இருக்கும்" என்றாள் அக்கா.

டீச்சர் மாடி ஏறுகிற சத்தம் ஓய்கிறவரை மாமா காத்திருந்தார்.

"நடுவுல வச்சியே!" என்றார் மாமா. "ஒரு ஓரமா வச்சிருக்கக் கூடாதா? நட்ட நடுவுல, நெத்தியில வச்ச மாதிரி!"

"நீங்கதானே கதவைத் திறந்தீங்க? கையில குடை இருந்ததைப் பாக்கலையா?"

"நான் அவங்க முகத்தைப் பாத்தேன். அந்த முகத்தைப் பாத்தா குடையைப் பாக்கத் தோணுமா?"

"மாமா, ஓடிப் போய் எடுத்துட்டு வந்துடுங்க" என்று நான் போனிலிருந்து கத்தினேன்.

"எடுத்துட்டு வந்து? மறுபடி குடையாக்க முடியுமா உங்க அக்காவால?"

அக்கா ஒரு நிமிஷம் யோசித்தாள். அவள் நிஜமாகவே யோசித்தாள், மூக்குக் குறடை எங்கே வைத்தோம் என்று கண்ணால் தேடினாள். "இலையா வெட்டிட்டேனே" என்றாள் பிறகு.

"போச்சு. வீடு போச்சு. குப்பையை எடுக்கறாங்கன்னு சொன்னாங்க. இப்ப வீட்டுக்காரங்க பொருளையே எடுத்து, அவங்களுக்கே பரிசா…" மாமா போனை வைத்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தையலை நான் குறையா எதுவும் சொல்லலையே" என்றாள் அக்கா மெதுவாக. "நல்ல கைன்னுதானே நடுவுல வச்சேன்? பாத்தா அவங்களுக்கே தெரியாதா?"

"தெரியும். முதல்ல அது யாரோடதுன்னு தெரியும்."

எனக்கு ஒன்று தோன்றியது. எதையும் தூக்கிப் போடாத அந்தம்மா, பழைய குடைக்கு அரிசி மணித் தையல் போடுகிற அந்தம்மா, ஒருவேளை அக்காவைவிட அதிகம் அக்காவாக இருக்கலாம். சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். ஒருவேளை அதனாலேயே கோபம் இரண்டு மடங்காகவும் இருக்கலாம் என்று தோன்றியது. மூடிக்கொண்டேன்.

அப்போதுதான் மாமாவின் போன் அடித்தது.

மூன்று பேரும் அதைத் தேடினோம். மாமா அதை வாசல் நாற்காலியின் மேல் வைத்திருந்தார். அக்கா தன் போனைத் திருப்பினாள், எனக்கும் தெரிந்தது. திரையில் "வீட்டுக்காரம்மா" என்று மின்னியது. வெயில் உள்ளே வந்து லென்ஸ் திரை விழித்துக்கொண்டிருந்தது. நாற்காலி மேல், போன் மேல், மாமாவின் மூக்கு மேல் எல்லாம் வட்டங்கள்.

"எடுங்க" என்றாள் அக்கா.

"நானா?" மாமாவின் கால் தரையை அழுத்தியபடி இருந்தது. "நாற்காலியில இருக்கு. நாற்காலியில வச்சது உன்னோடது."

"என்னங்க இது, விளையாடற நேரமா?"

"சட்டம் யாரு போட்டது?"

"யாராவது எடுங்களேன்!" என்றேன் நான், எட்டாத தூரத்திலிருந்து.

போன் அதிர்ந்து அதிர்ந்து, குட்டைக் கால் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துகொண்டிருந்தது. அக்கா ஒரு அடி எடுத்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். போன் இன்னமும் அடித்துக்கொண்டிருந்தது.